அப்பா இறந்தது திருப்பூர்ல, எரிச்சது ஊர்ல: இறப்ப எங்க பதியணும்?

கேள்வி: ஐயா வணக்கம். எங்க அப்பாவுக்கு 54 வயசு, விவசாயம், சொந்த ஊரு அறந்தாங்கி பக்கம் ஒரு கிராமம். திருப்பூர்ல என் வீட்டுக்கு வந்திருந்தப்ப ராத்திரி நெஞ்சு வலிக்குதுன்னார், பக்கத்து கிளினிக் டாக்டர் வந்து பாத்துட்டு உயிர் போயிடுச்சுன்னு சொல்லிட்டார். விடியறதுக்குள்ள ஆம்புலன்ஸ் வச்சு ஊருக்கு கொண்டுபோயி அங்கயே எரிச்சிட்டோம். ஒன்றரை மாசம் ஆச்சு, இன்னும் எங்கயும் பதியல. ஊர் விஏஓ தெரிஞ்சவருதான், ஊர்லயே இறந்ததா எழுதிக்கலாம்னு அண்ணன் சொல்றார். தங்கச்சி வேற சாதியில கல்யாணம் பண்ணிட்டு போயிட்டா, பேச்சுவார்த்தை இல்ல, வாரிசு சர்டிபிகேட்ல அவ பேர் வேண்டாம்னும் சொல்றார். அப்பாவோட ஏடிஎம் கார்டு அண்ணன்கிட்ட இருக்கு, காரிய செலவுக்கு அதுலதான் எடுத்தாங்க. அப்பா பேரு ஆதார்ல ஒரு மாதிரி பட்டாவுல ஒரு மாதிரி இருக்கு. அப்பத்தா இருக்காங்க. அம்மா வருஷம் திரும்புற வரைக்கும் வீட்ட விட்டு வெளிய வரமாட்டேன்னு இருக்காங்க. எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. (ஒரு வாசகி, திருப்பூர்)

பதில்: தங்கச்சி, 54 எல்லாம் போற வயசே இல்ல, மனசுக்கு கஷ்டமா இருக்கு. நான் ரெவின்யூ டிபார்ட்மெண்ட்ல வேல பாத்து துணை தாசில்தாரா ரிட்டயர் ஆனவன், இந்த மாதிரி பேப்பரு தாலுகா ஆபீஸ்ல நெறைய பாத்திருக்கேன், அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

முதல்ல அண்ணன் சொல்ற ஐடியாவ இன்னையோட விட்டுடுங்க. இறப்பு எந்த இடத்துல நடந்துச்சோ அந்த இடத்துக்கு உள்ள பதிவாளர்கிட்டதான் பதியணும், இது 1969ல வந்த பிறப்பு இறப்பு பதிவு சட்டம். எங்க எரிச்சாங்க, ரேஷன் கார்டு எந்த ஊர்ல இருக்கு, ஓட்டு எங்க இருக்குங்கறதெல்லாம் கணக்கே இல்ல. கிராமத்துல விஏஓதான் பதிவாளர்ங்கறது சரி, ஆனா அவரு அவரோட கிராமத்துல நடந்த இறப்புக்குத்தான் பதிவாளர். உங்க அப்பா உயிர் போனது திருப்பூர் மாநகராட்சி எல்லைக்குள்ள உங்க வீட்டுல, அப்ப அங்க மண்டல ஆபீஸ்ல சுகாதாரப் பிரிவுதான் உங்க இடம்.

ஊர்லயே இறந்ததா எழுதிட்டா என்ன ஆயிடும்னு அண்ணன் கேப்பார். பொய் தகவல் கொடுத்து பதியறது குற்றம், அது ஒரு பக்கம் இருக்கட்டும். நாளைக்கு அப்பா பேர்ல எல்ஐசி பாலிசி ஏதும் இருந்து, அது போட்டு மூணு வருஷம் ஆகலன்னா அவங்க கண்டிப்பா ஆள் விட்டு விசாரிப்பாங்க. ஆம்புலன்ஸ் பில்லு திருப்பூர்ல இருந்து ஏத்துனதுன்னு சொல்லும், டாக்டர் சீட்டு திருப்பூர்னு சொல்லும், சர்டிபிகேட் மட்டும் அறந்தாங்கின்னு சொன்னா இயற்கையா போன சாவு கூட சந்தேகமான சாவா ஆயிடும். அந்த விஏஓவும் சேர்ந்து மாட்டுவார் பாவம். இதுல இன்னொரு வேடிக்கை, அண்ணன் கவலப்படற அளவுக்கு இதுல ஒன்னுமே இல்ல, ஏன்னா இறப்பு சான்றிதழ எடுத்து பாத்தீங்கன்னா அதுல இறந்த இடம்னு ஒரு கட்டம், இறக்கும்போது இருந்த முகவரின்னு ஒரு கட்டம், நிரந்தர முகவரின்னு தனியா ஒரு கட்டம் இருக்கும். மூணாவது கட்டத்துல ஊர் விலாசத்த முழுசா எழுதிக் குடுத்துட்டா போதும், நெலம் பட்டா எல்லாத்துக்கும் அது பேசிக்கும்.

இப்ப நாள் கணக்கு. 21 நாளுக்குள்ள பதிஞ்சா செலவே இல்ல, முதல் சான்றிதழும் இலவசம். அதத்தாண்டி 30 நாள் வரைக்கும் தாமதக் கட்டணம் மட்டும். 30 நாள் தாண்டிட்டா ஒரு வருஷம் வரைக்கும் மேலதிகாரியோட எழுத்துப்பூர்வமான அனுமதி, கட்டணம், ஏன் லேட்டுன்னு ஒரு உறுதிமொழி, இவ்வளவும் வேணும், நீங்க இருக்கறது இந்த கட்டத்துலதான். பயப்படற மாதிரி ஒன்னும் இல்ல, கட்டணம் சின்ன தொகைதான். முன்னாடி இதுக்கு நோட்டரி அபிடவிட் வேணும்னு இருந்துச்சு, 2023ல சட்டத்த திருத்தி அந்த வருஷம் அக்டோபர் 1ல இருந்து நீங்களே கையெழுத்து போட்ட உறுதிமொழி போதும்னு ஆக்கிட்டாங்க, ஆனா கவுண்டர்ல யாராவது பழைய ஞாபகத்துல நோட்டரி கேட்டா வாங்கி குடுத்துட்டு வேலைய பாருங்க, அங்க நின்னு சட்டம் பேசி ஜெயிச்சாலும் ஒரு வாரம் போயிடும். ஒரு வருஷம் தாண்டிட்டா விஷயம் ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) ஆர்டர் வரைக்கும் போகும், அதுக்கப்பறம் அலைச்சல்தான், அதனால இன்னும் தள்ளாதீங்க.

யாரு போகணும்னா நீங்கதான் போகணும். வீட்டுல நடந்த இறப்ப சொல்ல வேண்டிய பொறுப்பு அந்த வீட்டுக்கு தலைவருக்கும் நெருங்குன சொந்தத்துக்கும் உண்டு, நீங்க ரெண்டுமே. கையில எடுத்துட்டு போக வேண்டியது: அப்பா ஆதார், உங்க ஆதார், உங்க வீட்டு வாடகை அக்ரிமெண்ட் இல்ல கேஸ் பில்லு மாதிரி அந்த விலாசத்துக்கு ஒரு ஆதாரம், ஆம்புலன்ஸ் ரசீது, அன்னைக்கு வந்த டாக்டர் எழுதுன சீட்டு, ஊர் மயானத்துல எரிச்சதுக்கு பஞ்சாயத்துல ஒரு ரசீதோ கடிதமோ. தெரிஞ்ச விஏஓ இருக்காருன்னு சொன்னீங்கல்ல, இந்த நாள்ல இந்த ஊர்ல தகனம் நடந்துச்சுன்னு உண்மைய உள்ளபடி எழுதித் தரச் சொல்லுங்க, அவரால செய்ய முடிஞ்ச நியாயமான உதவி அதுதான்.

டாக்டர் விஷயத்துல ஒன்னு. வீட்டுல இறந்தா, வைத்தியம் பாத்த டாக்டர் இறப்புக்கு காரணம் எழுதி 4ஏன்னு ஒரு படிவத்துல கையெழுத்து போட்டு தரணும், அதுக்கு காசு கேக்கக் கூடாது. அன்னைக்கு வந்தவரு வெறும் பிரிஸ்கிரிப்ஷன் பேப்பர்ல ரெண்டு வரி எழுதிக் குடுத்திருப்பார்னு நினைக்கிறேன், போயி படிவத்துல கேளுங்க, தயங்குனார்னா அப்பா சுகருக்கோ பிரஷருக்கோ ரெகுலரா யார்கிட்ட பாத்தாரோ அவரையும் கேட்டு பாக்கலாம். வாங்குனதும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து பத்திரமா வைங்க. ஏன்னா இறப்பு சான்றிதழ்ல சாவுக்கு காரணம் வராது, சட்டப்படியே போடக் கூடாது, ஆனா இன்சூரன்ஸ்காரன் அந்த காரணத்தத்தான் மொதல்ல கேப்பான்.

அடுத்தது பேரு. இதுல நம்ம ஊரு இனிஷியல் படுத்துற பாடு கொஞ்ச நஞ்சமில்ல. பட்டாவுல கருப்பையா மகன் இராமசாமின்னு இருக்கும், பாஸ்புக்ல கே.ராமசாமின்னு இருக்கும், ஆதார்ல ராமசாமி கருப்பையான்னு பேரும் தகப்பன் பேரும் ஒன்னா ஒட்டி நிக்கும், இங்கிலீஷ்ல ஒருத்தன் டபிள்யூ போட்டு எழுதியிருப்பான் இன்னொருத்தன் டபிள்யூ இல்லாம எழுதியிருப்பான் (உங்க அப்பா பேர நீங்க எழுதல, நான் உதாரணத்துக்கு சொல்றேன்). என் அபிப்பிராயம், ஆதார்ல உள்ள மாதிரியே பதிங்க, பேங்க்ல இருந்து எல்லாரும் கடைசியில அதத்தான் ஒப்பிட்டு பாப்பாங்க. அவரோட அப்பா பேரு, அம்மா பேரு கட்டத்துலயும் எழுத்து பிசகாம குடுங்க, பட்டா பேரோட முடிச்சு போடறதுக்கு அந்த ரெண்டு பேருதான் உதவும். பதிவு முடியறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல அடிச்சத ஒரு தடவ காட்ட சொல்லி தமிழ் தனியா இங்கிலீஷ் தனியா படிங்க, தேதியயும் படிங்க, அவசரம்னு கூட்டத்துல நின்னுட்டு சரி சரின்னு தலையாட்டிட்டு வந்துடாதீங்க. பதிஞ்சப்பறம் எழுத்துப் பிழைய திருத்த வழி இருக்கு, ஆனா அதுக்கு தனி மனு, தனி ஆதாரம், தனி அலைச்சல். பட்டாவுக்கும் ஆதாருக்கும் இருக்குற வித்தியாசத்துக்கு, ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு நோட்டரிகிட்ட ஒரு அபிடவிட் போட்டு வச்சுக்கிட்டா பெரும்பாலும் ஓடிடும்.

சான்றிதழ் க்யூஆர் கோடோட வரும், பதிவு எண்ண வச்சு ஆன்லைன்லயே எத்தன தடவ வேணும்னாலும் எடுத்துக்கலாம், பத்து ஒரிஜினல் வாங்கித்தரேன்னு வெளிய நிக்கிற ஆளு சொன்னா நம்ப வேண்டாம்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் வாரிசு சான்றிதழ். இது அப்பா நிரந்தரமா இருந்த ஊருக்கு உள்ள தாலுகாவுல, அதாவது ஊர் பக்கம் போடணும், இ-சேவை மையத்துலயே மனு போடலாம், அது விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரணை முடிஞ்சு தாசில்தார் கையெழுத்துக்கு போகும். இப்ப தங்கச்சி விஷயம். கொஞ்சம் கடுமையா சொல்றேன், தப்பா எடுத்துக்க கூடாது. அவ பேர விட்டுட்டு மனு போட்டா அது பொய் மனு. ஓடிப் போயி கல்யாணம் பண்ணுனா, சாதி மாறி பண்ணுனா மகள் இல்லன்னு ஆயிடாது. தமிழ்நாட்டுல 1989லயே பூர்வீக சொத்துலயும் மகளுக்கு பங்குன்னு சட்டம் வந்துடுச்சு, அப்ப அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்கள மட்டும் விட்டுருந்தாங்க, 2005ல மத்திய சட்டம் அதையும் எடுத்துடுச்சு. அப்பா சொந்தமா சம்பாதிச்ச சொத்துல 1956ல இருந்தே பங்கு உண்டு. உங்க வீட்டுல பேச்சுவார்த்தை இல்லங்கறது தாசில்தாருக்கு தேவையே இல்லாத தகவல்.

விசாரணையில அக்கம்பக்கத்துல கேப்பாங்க, கிராமத்துல மூணு பிள்ளைங்கன்னு எல்லாருக்கும் தெரியும், யாராவது ஒரு வார்த்த சொன்னா மனு அங்கயே நிக்கும். தப்பிச்சு வந்துருச்சுன்னே வைங்க, தங்கச்சி ஒரு மனு குடுத்தா சான்றிதழ் ரத்து, அத வச்சு மாத்துன பட்டா ரத்து, பேங்க்ல வாங்குன பணத்துக்கு அண்ணன் பதில் சொல்லணும், உங்க கையெழுத்தும் இருந்தா நீங்களும் சொல்லணும். விடுபட்ட மகள் பின்னாடி வந்து நெல விற்பனையே நின்ன கதைய எந்த தாலுகா ஆபீஸ்ல கேட்டாலும் சொல்வாங்க. நல்லது எதுன்னா தங்கச்சி பேர போட்டு சான்றிதழ் வாங்குங்க, அதுக்கப்பறம் அவளுக்கு பங்கு வேண்டாம்னா அவளே விடுதலைப் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் பண்ணி குடுக்கட்டும், வேணும்னா வாங்கிக்கட்டும், அத அவதான் முடிவு பண்ணணும். ஒரு போன் பண்றதுக்கு இத ஒரு சாக்கா வச்சுக்கங்கன்னு கூட சொல்வேன், ஆனா அது உங்க குடும்ப விஷயம்.

அப்பத்தாவ ஏன் தனியா எழுதுனீங்கன்னு தெரியல, ஆனா நல்ல வேளை எழுதுனீங்க, ஏன்னா நெறைய பேரு மறக்கறது இவங்களத்தான். இந்து வாரிசுரிமை சட்டப்படி இறந்தவரோட அம்மா முதல் நிலை வாரிசு (அப்பா அந்த வரிசையில இல்ல, இது நெறைய பேருக்கு ஆச்சரியமா இருக்கும்). அதாவது அப்பா சொந்த சம்பாத்தியமா வாங்குன சொத்து, உயிலும் இல்லன்னா, அம்மா, அப்பத்தா, நீங்க மூணு பேரு, ஆக அஞ்சு சம பங்கு. பூர்வீகம்னா கணக்கு வேற, பத்திரம் பாத்துத்தான் சொல்ல முடியும். இதுல ஒரு கண்ணி இருக்கு. அப்பத்தா வாங்குற அந்த அஞ்சுல ஒரு பங்கு, அவங்க காலத்துக்கு அப்பறம் உங்களுக்கு மட்டும் வராது, அவங்களோட மத்த பிள்ளைங்க, அதாவது உங்க சித்தப்பா அத்தைங்களுக்கும் போகும். அப்ப உங்க அப்பா வாங்குன ரெண்டு மா நெலத்துல திடீர்னு பத்து பேரு கூட்டு பட்டாதாரரா நிப்பாங்க. அப்பத்தா தெளிவா இருக்கும்போதே அவங்க விருப்பம் என்னன்னு கேட்டு, பேரப் பிள்ளைங்களுக்குன்னா விடுதலைப் பத்திரமோ உயிலோ முறையா எழுதிக்கலாம், மகன பறிகொடுத்த மனுஷிய அவசரப்படுத்தி ரேகை வாங்குற வேலை மட்டும் வேண்டாம்.

ஏடிஎம் கார்டுக்கு வரேன். இறந்தவர் கார்டுல பணம் எடுக்கக் கூடாது, ஆள் போனதுமே அந்த கணக்குல பணம் எடுக்குற உரிமை யாருக்கும் கிடையாது, பின் நம்பர் தெரியுங்கறது உரிமை இல்ல. நடந்தது நடந்துடுச்சு, காரியத்துக்குத்தான் செலவு பண்ணியிருக்கார், இதுக்காக அண்ணன யாரும் ஜெயில்ல போட மாட்டாங்க. ஆனா இன்னையோட நிறுத்தி, எப்ப எவ்வளவு எடுத்தார், பந்தலுக்கு எவ்வளவு சமையலுக்கு எவ்வளவுன்னு பில்லோட ஒரு நோட்டுல எழுதி அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் தெரியப்படுத்திடுங்க. கணக்குல பிஎம் கிசான் 2,000 ரூபா தவணை அப்பா இறந்தப்பறம் ஏறியிருந்தா அத தொடாதீங்க, வேளாண்மை ஆபீஸ்ல சொல்லிடுங்க, பின்னாடி திருப்பி கேப்பாங்க.

பேங்க்ல நாமினி யாருன்னு பாருங்க. நாமினி இருந்தா இறப்பு சான்றிதழ், நாமினியோட ஆதார் பேன், கிளெய்ம் பாரம் இவ்வளவுதான், வாரிசு சான்றிதழ கேக்க வேண்டிய அவசியமே இல்ல, எல்லா பேப்பரும் குடுத்த 15 நாளுக்குள்ள முடிக்கணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு. நாமினிங்கறவர் பணத்த வாங்கி வாரிசுகளுக்கு குடுக்க வேண்டியவரே தவிர சொந்தக்காரர் இல்லங்கறதையும் வீட்டுல சொல்லி வைங்க.

அத விட முக்கியம், பாஸ்புக்க என்ட்ரி போட்டு கொண்டாந்து பொறுமையா உக்காந்து படிங்க. மே மாச கடைசி வாக்குல 436 ரூபான்னு ஒரு கழிவு இருக்கான்னு தேடுங்க. இருந்தா அது பிரதமர் ஜீவன் ஜோதி இன்சூரன்ஸ், எந்த காரணத்துல இறந்தாலும் 2 லட்சம், 55 வயசு வரைக்கும் கவர் உண்டு, உங்க அப்பாவுக்கு 54. பேங்க்ல யாரும் தானா கூப்பிட்டு சொல்ல மாட்டாங்க, கவுண்டர்ல கிளெய்ம் பாரம் கேட்டு வாங்கி போடணும், ஏற்கனவே நாள் போயிடுச்சு அதனால சான்றிதழ் வந்த வாரமே போடுங்க. 20 ரூபா கழிவு இருந்தா அது விபத்து இன்சூரன்ஸ், மாரடைப்புக்கு வராது. எல்ஐசிக்கோ வேற கம்பெனிக்கோ பிரீமியம் போயிருந்தாலும் அந்த பாஸ்புக்லயே தெரிஞ்சிடும், வீட்டு பீரோவுல பாண்ட் பேப்பர தேடறதுக்கு முன்னாடி இதத் தேடுங்க. அப்பா விவசாயிங்கறதால உழவர் பாதுகாப்பு அட்டை வாங்கி வச்சிருக்காரான்னும் பாருங்க, இருந்தா தாலுகாவுல சமூக பாதுகாப்பு திட்ட தாசில்தார்கிட்ட இறப்பு உதவிக்கு மனு போடலாம்.

அப்பா செல்போன் நம்பர தயவு செஞ்சு இப்ப கட் பண்ணாதீங்க. பேங்க், ஆதார், கேஸ் எல்லாத்துக்கும் ஓடிபி அதுலதான் வரும், குறைஞ்ச ரீசார்ஜ் போட்டு எல்லா வேலையும் முடியற வரைக்கும் ஓட்டுங்க.

பட்டா மாத்தறதுக்கு அவசரமே இல்ல, வாரிசு சான்றிதழ் வந்தப்பறம் எல்லா வாரிசு பேர்லயும் கூட்டு பட்டாவா மாத்திக்கலாம், ஆனா பட்டா உண்மையிலேயே அப்பா பேர்லதான் இருக்கா இல்ல இன்னும் உங்க தாத்தா பேர்லயே கெடக்கான்னு இப்பவே ஆன்லைன்ல பாத்துடுங்க, தாத்தா பேர்னா அவரோட வாரிசுகள்ல இருந்து ஆரம்பிக்கணும். நகைக்கடன் எதாவது சொசைட்டியில இருந்தா நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடி போயி விஷயத்த சொல்லி வட்டிய மட்டுமாவது கட்டி வைங்க. வண்டி இருந்தா வட்டாரப் போக்குவரத்து ஆபீஸ்ல 31ஆம் நம்பர் படிவம், மூணு மாசத்துக்குள்ள போடணும். ரேஷன் கார்டு, ஓட்டர் லிஸ்ட் எல்லாம் மெதுவா பாத்துக்கலாம்.

அம்மாவ வெளிய கூட்டிட்டு போகணுமேன்னு நீங்க கவலப்படறது புரியுது. திருப்பூர் மாநகராட்சிக்கு அவங்க வரவே வேண்டாம், நீங்க போதும். வாரிசு மனுவையும் அண்ணனோ நீங்களோ போடலாம், விசாரணை ஊர்லயே நடக்கும், வீட்டு திண்ணையில வச்சே கேட்டுட்டு போயிடுவாங்க. அம்மா நாமினியா இருந்தா பேங்க்ல மட்டும் ஒரு தடவ நேர்ல வந்து கையெழுத்து போடற மாதிரி இருக்கும். வருஷம் திரும்புற வரைக்கும்னா அந்த 436 ரூபா கிளெய்ம் காத்துட்டு இருக்காது, அத மட்டும் அவங்ககிட்ட எடுத்து சொல்லுங்க. மேனேஜர்கிட்ட முன்கூட்டியே பேசி கூட்டம் இல்லாத மத்தியான நேரமா கேட்டு, எல்லா பேப்பரையும் ரெடி பண்ணி வச்சுட்டு ஒரு ஆட்டோவுல கூட்டிட்டு போயி கூட்டிட்டு வந்துடுங்க. கைரேகை வைக்கிறவங்கன்னா தெரிஞ்ச சாட்சி ரெண்டு பேரையும் கூடவே கூட்டிட்டு போங்க, இல்லன்னா அதுக்காக இன்னொரு நாள் வர சொல்லிடுவாங்க.